பாதியில் நிற்பவை ஐந்து, பூனை ஒன்று

ஊசியும் நூலும் புழங்குகிற எந்த வீட்டிலும் பாதியில் நிற்கிற வேலை ஒன்றாவது இருக்கும். இல்லை என்று சொல்லுகிறவர்கள் பரணைச் சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். எங்கள் வீட்டில் இன்றைய தேதிக்கு ஐந்து இருக்கின்றன. கணக்கை அப்படியே ஒப்பித்துவிடுகிறேன்.

முதலாவது, என் மாமியாரின் ஒட்டுத்துணிப் போர்வை. வீட்டுப் பெண்கள் கட்டிக் கிழித்த புடவைகளிலிருந்து 9 அங்குலச் சதுரங்கள். அகலத்தில் 8, நீளத்தில் 10, ஆக மொத்தம் 80. இதுவரை இணைத்திருப்பது 52. இரண்டாவது, என் நாத்தனார் குழந்தைக்கு என்று ஆரம்பித்த காலுறை ஜோடி. ஒன்று முடிந்தது. மற்றது பாதி ஏறுவதற்குள் குழந்தை பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டது! மூன்றாவது, தலையணை உறையில் ஒரு குரோஷா மயில். தோகை பிரமாதம், கால் மட்டும் ஒன்றுதான். நான்காவது, நாலாம் வகுப்புப் படிக்கும் என் மகளின் கைவேலை வகுப்பு மஃப்ளர். 11 அங்குலம் வளர்ந்திருக்கிறது. எலிக்குப் போர்த்தலாம். ஐந்தாவது, ஒரு நீல ஸ்வெட்டர். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆங்கிலம் பேசுகிற ஊர்களில் பின்னற்காரிகள் இம்மாதிரி அரைகுறைகளுக்கு 'யு.எஃப்.ஓ.' என்று செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். முடியாத உருப்படி என்று பொருள். பறக்கும் தட்டுக்கும் அங்கே அதே மூன்று எழுத்துத்தான். எப்போதோ ஒரு நாள் கண்ணில் படும், உடனே மறைந்துவிடும், வீட்டு ஆண்கள் அப்படி ஒன்று இருப்பதையே நம்பமாட்டார்கள். பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

இந்த ஐந்தோடு ஒரு பூனையும் எங்கள் வீட்டில் வாசம் செய்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை முழுக அடித்ததே, ஞாபகம் இருக்கிறதா? அந்த நாளில், கண் திறந்து சில நாட்களே ஆன குட்டி ஒன்று எங்கள் குடியிருப்பின் மோட்டார் அறைப் படியில் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தது. தாயைக் காணோம். என் மகள் அதைத் தன் சட்டையில் சுற்றிக்கொண்டு வந்தாள். புயலின் பெயரையே சுருக்கி 'மிக்கி' என்று வைத்தாள். 'தண்ணீர் வடிகிற வரைக்கும்தான்' என்று என் கணவர் கண்டிப்பாகச் சொன்னார். தண்ணீர் வடிந்து வெகு நாளாகிறது. மிக்கி இப்போது தூங்குவது அவருடைய நாற்காலியில்தான்.

பூனைக்கும் கைவேலைக்கும் உள்ள சம்பந்தம் விசித்திரமானது. வீட்டில் எத்தனையோ மெத்தென்ற இடங்கள் இருக்கும். கட்டில் இருக்கிறது, சோபா இருக்கிறது, துவைத்து மடித்த துணிக் கூடை இருக்கிறது. ஆனால் மாமியார் கூடத்தில் போர்வையை விரித்து, ஊசியில் நூல் கோத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார் என்றால், எங்கிருந்தோ மிக்கி வந்து அன்றைக்குத் தைக்க வேண்டிய சதுரத்தின் மேல் மிகச் சரியாகச் சுருண்டுகொள்ளும். மீதி 51 சதுரமும் அதன் கண்ணுக்குத் தெரியாது. 'எழுந்திரு' என்றால் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்க்கும். பிறகு அதையும் மூடிக்கொள்ளும்.

கம்பளி நூல் விஷயம் வேறு. அங்கே தூக்கம் இல்லை, பக்தி! முன்கால் இரண்டையும் மாறி மாறி ஊன்றிக் கம்பளியைப் பிசையும், ஓர் ஓரத்தை வாயில் வைத்துச் சப்பும், கண்கள் செருகிவிடும். தாய் மடியில் பால் குடிக்கும்போது குட்டிகள் அப்படித்தான் பிசையும். சீக்கிரமே தாயைப் பிரிந்த குட்டிகளிடம் கம்பளி சப்பும் பழக்கம் அதிகம் என்கிறார்கள் கால்நடை மருத்துவர்கள். சயாமியப் பூனை இனத்தில் இன்னும் கூடுதலாம். மிக்கிக்குச் சயாம் தேசத்தோடு எந்த உறவும் கிடையாது. அது மோட்டார் அறை வம்சம். ஆனால் தாயை இழந்த குட்டி என்பது மட்டும் உண்மை.

இப்படி ஒரு பிராணி வீட்டில் இருந்தால் மற்றவர்களுக்கு எவ்வளவு சௌகரியம் தெரியுமா? பழியை எல்லாம் அதன் தலையில் போட்டுவிடலாம். 'போர்வை எப்போது முடியும்?' என்று யாராவது கேட்டால், 'இந்தப் பூனை எங்கே விடுகிறது?' என்பார் மாமியார். மஃப்ளர் ஏன் 11 அங்குலத்தோடு நிற்கிறது என்று ஆசிரியை கேட்டதற்கு, 'எங்க வீட்டுப் பூனை கடிச்சுடுச்சு, மிஸ்' என்று பதில் போயிருக்கிறது. கடித்த இடத்தை நானும் பார்த்தேன். பூனைக்குக் கத்தரிக்கோல் பிடிக்கத் தெரியும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

வங்காளத்தில் ஷஷ்டி தேவி என்று ஒரு தெய்வம். குழந்தைகளைக் காப்பவள், அவளுக்கு வாகனம் பூனை. அவளுடைய விரதக் கதை ஒன்று உண்டு. ஒரு வீட்டில் கடைசி மருமகள் தின்பண்டங்களைத் திருட்டுத்தனமாகத் தின்றுவிட்டு, 'கறுப்புப் பூனைதான் தின்றது' என்று மாமியாரிடம் சொல்லிக்கொண்டே வந்தாளாம். பழியைச் சுமந்த பூனைக்கு மனம் பொறுக்கவில்லை. அவள் பெறுகிற குழந்தைகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய்த் தேவியின் காலடியில் சேர்த்துவிட்டது. பிறகு மருமகள் உண்மையைச் சொல்லி, பூனையிடம் மன்னிப்புக் கேட்டுக் குழந்தைகளைத் திரும்பப் பெற்றாள் என்பது கதை. இதை நான் என் மகளுக்குச் சொன்னேன். மறுநாள் மஃப்ளர் ஓர் அங்குலம் வளர்ந்தது. அதற்கு மேல் தெய்வ பயம் வேலை செய்யவில்லை.

அதே வங்காளத்தில்தான் பழைய புடவைகளை அடுக்கி ஓட்டுத் தையல் போட்டுக் 'காந்தா' செய்கிறார்கள். பிறந்த குழந்தையைச் சுற்றுவதற்கும் அதுதான். புடவைக் கரையிலிருந்து உருவிய நூலே தைக்கிற நூல். காசு கொடுத்து வாங்குவதற்கு ஒன்றுமில்லை. வடமொழியில் 'கந்தா' என்றால் ஒட்டுப் போட்ட துணி. நம் 'கந்தை'யும் அதற்கு உறவுதான். ஆனால் பாருங்கள், அவர்கள் அந்தச் சொல்லுக்குப் பூவும் மீனும் தாமரையும் தைத்து மரியாதை செய்தார்கள். நாம் அதை வைத்து ஏசுவதற்குக் கற்றுக்கொண்டோம். நல்ல காந்தா ஒன்று முடிய வருஷக்கணக்கில் ஆவதுண்டு. அங்கே யாரும் அதை 'ஆரம்ப சூரத்தனம்' என்று சொன்னதாகத் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் அந்தச் சொல் அடிக்கடி கேட்கும். என் கணவர் நல்லவர்தான். ஆனாலும் பரணைப் பார்க்கும்போதெல்லாம் 'ஆரம்ப சூரர்கள் சங்கம்' என்று ஒரு பேச்சு வரும். அவருக்காக நான் ஒரு நாள் கணக்குப் போட்டேன். நீல ஸ்வெட்டரின் முன்பாகத்தில் வரிசைக்கு 150 கண்ணி. ஒரு வரிசை போட எனக்கு 7 நிமிஷம் ஆகிறது. மீதி இருப்பது சுமார் 110 வரிசை. அதாவது 770 நிமிஷம். 13 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு நாள் வேலைதானே என்றார் அவர்.

ஒரு நாள் வேலைதான். ஆனால் அந்த 7 நிமிஷத்தை வரிசை நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் கண்ணி நழுவும்; கணக்கு மறக்கும். 7 நிமிஷம் யாரும் கூப்பிடாமல், குக்கர் விசில் அடிக்காமல், காய்கறி வண்டி வராமல், ஆபீஸிலிருந்து போன் வராமல் இருக்கிற சமயம் ஒரு குடும்பப் பெண்ணுக்கு நாளைக்கு எத்தனை தடவை வாய்க்கும்? நான் குறித்து வைத்துப் பார்த்தேன். ஒரு வாரத்தில் ஒன்பது தடவை வாய்த்தது. ஒன்பது வரிசை என்றால் ஒரே ஓர் அங்குலம். அவர் அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து சங்கத்தின் பெயர் வீட்டில் அடிபடுவதில்லை.

நிற்க. இதுவரைக்கும் எழுதியது விளையாட்டு. இனி சொல்லப்போவதைப் பூனை வளர்க்கிற சகோதரிகள் கொஞ்சம் கவனித்துப் படிக்க வேண்டும்.

எங்கள் மாடி வீட்டிலும் ஒரு பூனை உண்டு. சாம்பல் நிறம், வெகு சாது. அந்த வீட்டு அம்மாள் ரவிக்கைக்குக் கொக்கி தைக்கிறவர். போன ஆடி மாதம் ஒரு நாள் பூனை சோறு தின்னவில்லை. மறுநாள் வாந்தி எடுத்தது, கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டது, கூப்பிட்டால் வரவில்லை. உடம்புக்கு முடியாத பூனை இருட்டுத் தேடி ஒளிந்துகொள்ளும் என்பது தெரிந்ததுதான். மூன்றாம் நாள் பார்த்தால், வாலுக்குக் கீழே சிவப்பு நூல் ஒரு விரற்கடை நீளத்துக்குத் தொங்குகிறது! 'இழுத்துவிட்டால் வந்துவிடும்' என்று கை நீட்டினார்களாம். நல்ல வேளையாக அதற்கு முன்னால் மருத்துவருக்குப் போன் பேசினார்கள். 'தொடாதீர்கள், அப்படியே தூக்கிக்கொண்டு வாருங்கள்' என்று அவர் அதட்டினார்.

பூனை நூலை ஏன் விழுங்க வேண்டும்? வேண்டும் என்று விழுங்குவதில்லை. பூனையின் நாக்கைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? தேங்காய்த் துருவி மாதிரி இருக்கும். அந்த முட்கள் எல்லாம் தொண்டைப் பக்கம் சாய்ந்து நிற்கின்றன. அந்த முள்ளின் நுனி கரண்டி போலக் குழிந்து, எச்சிலை ரோமத்தின் அடிவரை கொண்டுபோகிறது என்று அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2018-ல் கண்டுபிடித்தார்கள். மேனியைச் சீவிக்கொள்ள அருமையான சாதனம். நூலுக்கு அதுவே பொறி. நுனி நாக்கில் மாட்டினால் துப்புவது கடினம். நக்க நக்க உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

போன பிறகு நடப்பதுதான் பயங்கரம். நூலின் ஒரு முனை நாக்குக்கு அடியிலோ, இரைப்பையின் வாயிலிலோ சிக்கிக்கொள்ளும். மறு முனை குடலுக்குள் இறங்கும். குடல் அதைத் தள்ளப் பார்க்கும், நூல் நகராது, குடல்தான் நூலின் மேல் ஏறிச் சுருங்கும். 'பாவாடையில் நாடாவை இழுத்தால் துணி எப்படிக் கொசுவிக்கொள்கிறது? அதே மாதிரி' என்று அந்த டாக்டரம்மாள் விளக்கினாராம். இறுகின நூல் கடைசியில் குடலையே அறுத்துவிடக்கூடும். வெளியே தெரிகிற முனையைப் பிடித்து இழுப்பது நாடாவை இன்னும் இறுக்குவதற்குச் சமம். அதனால்தான் தொடாதே என்றது.

அறுவைச் சிகிச்சை நடந்தது. மாடி வீட்டுப் பூனை பிழைத்துக்கொண்டது. வயிற்றில் ரோமம் மழித்து, தையல் போட்டுக்கொண்டு, கழுத்தில் காகிதக் கூம்பு மாட்டிக்கொண்டு வந்து இறங்கியது. அந்த அம்மாள் ஒரு வாரம் ஊசியைத் தொடவில்லை. படியில் பார்த்தபோது, 'ஒரு முழ நூல், அவ்வளவுதான்' என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலையே எங்கள் வீட்டில் சட்டம் மாறியது. மாமியார்தான் முன்நின்று நடத்தினார். அவருடைய போர்வைக்கு அவர் எத்தனை ஊசியோடு உட்காருகிறாரோ, அத்தனையையும் எண்ணிவிட்டுத்தான் எழுந்திருக்கிறார். நூல் கோத்த ஊசி தனியாகக் கிடக்கிற பேச்சே இல்லை. வெட்டிப் போடுகிற துண்டு நூல்கள் எல்லாம் மூடி போட்ட பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் போகின்றன. குப்பைக் கூடையில் போட்டால் பூனை கிளறும், பாட்டிலைக் கிளறாது. என்னுடைய கம்பளிக்கு ஒரு முறுக்கு டின் கிடைத்தது. மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, விளிம்பை ராவி வழவழப்பாக்கித் தந்தார் என் கணவர். உருண்டை உள்ளே உருளும். நூல் மட்டும் ஓட்டை வழியாக வரும். ஊசி கீழே வைக்கிறபோது பின்னலும் நூலும் எல்லாமே டின்னுக்குள் போய் மூடி விழ வேண்டும். சோபாவில் வைத்துவிட்டுப் பால் பொங்குகிறதா என்று பார்க்க ஓடுகிற வழக்கம் அடியோடு நின்றது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கம்பளிக்குப் பூச்சி வராமல் இருக்க நாம் நாப்தலின் உருண்டை போடுகிறோம். அது பூனைக்கு விஷம். பூனை இருக்கிற வீட்டில் அது வேண்டவே வேண்டாம். கம்பளியை நன்றாக வெயிலில் காயவைத்து உதறி, இறுக்கமாக மூடுகிற டின்னில் வைத்தாலே பெரும்பாலும் போதும்.

மிக்கியின் ஆசைக்கும் ஒரு வழி செய்ய வேண்டாமா? பழைய கம்பளிப் போர்வையின் ஒரு துண்டை, நூல் பிரியாமல் நாலு பக்கமும் அழுத்தி மடித்துத் தைத்து, அதற்கென்று கொடுத்தோம். முதல் இரண்டு நாள் அதை லட்சியமே செய்யவில்லை. மூன்றாம் நாள் என் மாமியார் அந்தத் துண்டின் மேல் உட்கார்ந்து காய் நறுக்கினார். அவ்வளவுதான், உடனே அது மிக்கிக்கு வேண்டியதாகிவிட்டது! சப்பி ஓரம் நைந்துவிட்டதா என்று வாரம் ஒரு முறை பார்த்துக்கொள்கிறோம்.

இப்போது நீல ஸ்வெட்டர்.

அது என் அம்மா பின்னியது. கோயம்புத்தூரில் அப்பாவுக்காக ஆரம்பித்தது. மார்கழியில் அவர் விடியற்காலை நடக்கப் போவார். மஃப்ளரும் கட்டமாட்டார், தொப்பியும் போடமாட்டார். முதுகுப் பாகம் முடிந்து, முன்பாகம் 11 அங்குலம் ஏறியிருந்தபோது அம்மாவுக்கு உடம்புக்கு வந்தது. 2019-ல் போய்விட்டாள். பின்னல் அப்படியே ஊசியோடு டிரங்குப் பெட்டிக்குள் போயிற்று. போன வருஷம் அப்பா அந்தப் பெட்டியை என்னிடம் கொடுத்தனுப்பினார். திறந்தபோது மேலே அதுதான் இருந்தது. பத்தாம் நம்பர் ஊசி இரண்டு, மூன்று உருண்டை நூல், கட்டமிட்ட நோட்டுத் தாளில் அம்மா போட்ட கணக்கு.

அதை என்ன செய்வது என்று வீட்டில் இரண்டு கட்சி. பிரித்து மகளுக்கு ஏதாவது பின்னலாம் என்றாள் ஊரிலிருந்து வந்த என் அக்கா. பின்னியதைப் பிரிப்பதற்கு ஆங்கிலக்காரப் பின்னற்காரிகள் தவளையின் பெயரைச் சொல்வார்கள். 'பிரி, பிரி' என்பதை அவர்கள் மொழியில் வேகமாகச் சொன்னால் தவளை கத்துகிற மாதிரி கேட்குமாம். பின்னலில் அது ஒரு வசதிதான். தைத்த துணியைப் பிரித்தால் ஓட்டைதான் மிஞ்சும். பின்னியதைப் பிரித்தால் முழு நூல் திரும்பக் கிடைக்கும். முனையைப் பிடித்து இழுத்தால் அம்மாவின் ஆறு மாதம் பத்து நிமிஷத்தில் உருண்டையாகிவிடும். அக்கா முனையைக் கையில் எடுத்தாள். பிறகு அவளே வைத்துவிட்டாள்.

தொடர்ந்து முடிப்பது என்று தீர்மானமாயிற்று. அதில்தான் சங்கடம். பின்னல் என்பது கையெழுத்து மாதிரி. ஒரே நூல், ஒரே ஊசி, ஒரே கணக்கு. ஆனாலும் இரண்டு பேர் கை ஒன்றாக வராது. அம்மா நூலை விரலில் இறுக்கிப் பிடிக்கிறவள். அவள் பின்னலில் அளவுநாடாவை வைத்துப் பார்த்தேன்: 4 அங்குலத்துக்கு 30 கண்ணி. என் கையில் அதே ஊசியால் மாதிரிச் சதுரம் ஒன்று பின்னினேன்: 28. இரண்டு கண்ணிதானே என்று தோன்றும். 150 கண்ணிக்கு அவளுக்கு 20 அங்குலம் வந்தால் எனக்கு 21½-க்குப் பக்கத்தில் வரும். அப்பாவின் நெஞ்சு நடுவில் ஸ்வெட்டர் திடீரென்று அகன்று நிற்கும்.

நான் இறுக்கிப் பிடித்துப் பார்த்தேன். நாலு வரிசைக்கு மேல் அந்தப் பிடி தங்கவில்லை. பேச்சு வந்தால் கை தளர்ந்துவிடுகிறது. கையை மாற்ற முடியாவிட்டால் ஊசியை மாற்ற வேண்டியதுதான். நம் ஊரில் புழங்குகிற பழைய இங்கிலீஷ் கணக்கில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். பதினோராம் நம்பரில் ஒரு சதுரம் போட்டேன். நாடாவை வைத்தேன். 30! இரண்டாவது தடவையும் எண்ணினேன். மாமியாரைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன். 30-தான்.

நூலும் ஒரு கணக்கு. சமையலறைத் தராசில் மூன்று உருண்டையும் 150 கிராம் நின்றது. முதுகுப் பாகத்தின் எடையை வைத்துப் பார்த்தால், மீதி முன்பாகத்துக்கு 70 கிராம் போகும். இரண்டு கைக்கும் கழுத்துக்கும் சேர்த்துக் குறைந்தது இன்னும் 150 வேண்டும். எங்கே போவது? கம்பளி நூலைச் சாயத் தொட்டி வாரியாகத்தான் நம்பர் போட்டு விற்கிறார்கள். அதே நீலம் என்று வேறு நம்பரில் வாங்கினால், கடை விளக்கில் ஒன்று போலத் தெரியும். வெயிலில் கை வேறு, உடம்பு வேறு என்று காட்டிக்கொடுத்துவிடும். அம்மா வாங்கிய நம்பர் காகிதச் சுற்றில் இருக்கிறது. மூன்று கடையில் காட்டினேன். ஒரு கடைக்காரர் அதை வாங்கிப் பார்த்து, 'இது பழைய சரக்கும்மா' என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். ஆகவே கை கிடையாது. அம்மா முழுக்கை என்று எண்ணியது கையில்லாத ஸ்வெட்டராக முடியும். 70 கிராம் முன்பாகம், கழுத்துக்கும் தோள் சுற்றுக்கும் பட்டி போட ஒரு 30. மிச்சத்தில் கொஞ்சம் நூல் பெட்டியிலேயே இருக்கட்டும்.

ஊசியிலேயே பல வருஷம் தொங்கிய அந்த ஒரு வரிசை மட்டும் கொஞ்சம் இழுபட்டுத் தளர்ந்திருக்கிறது. ஒரு விரல் அகலம் பிரித்துவிட்டு அங்கிருந்து ஆரம்பித்தால் சேர்மானம் தெரியாது என்பது கைதேர்ந்தவர்கள் வழக்கம். நான் பிரிக்கவில்லை. உற்றுப் பார்க்கிறவர்களுக்கு அங்கே ஒரு கோடு தெரியும். தெரியட்டும். அதற்கு மேலே அங்கங்கே மிக்கியின் ரோமமும் தெரியும். எத்தனை எச்சரிக்கையாக இருந்தாலும் அது பின்னலுக்குள் புகுந்துவிடுகிறது.

கர்நாடகத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பக்கத்தில் சித்தி என்று ஒரு சமூகம். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். அவர்கள் பெண்கள் 'கவந்தி' என்று ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிறார்கள். ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். எல்லாம் முடிந்த பிறகும் நாலு மூலையிலும் 'பூ' என்று சின்ன மடிப்புத் துணி வைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் போர்வை அம்மணமாக இருக்கிறது என்பார்களாம். இதை மாமியாரிடம் சொல்லியிருக்கக் கூடாதோ என்று இப்போது தோன்றுகிறது. 52-ல் நிற்கிற போர்வைக்கு மூலைப் பூ நாலுக்கும் எந்தப் புடவை என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு மூலைக்கு என் அம்மாவின் புடவையிலிருந்து ஒரு துண்டு கேட்டிருக்கிறார். அரக்குச் சுங்குடி, பெட்டியிலேயே இருக்கிறது. எடுத்துக் கொடுத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் போனில் தோள் அளவு கேட்டேன்.

"எதுக்குக் கண்ணு?"

"அந்த நீல ஸ்வெட்டருக்குப்பா."

"அட! முடிச்சுட்டாளா அவ?" என்றார் சட்டென்று. பிறகு இரண்டு பக்கமும் பேச்சில்லை. எங்கள் கூடத்தில் மிக்கி முறுக்கு டின்னை உருட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"நீ முடிக்கிறியாக்கும். சரி, சரி" என்றார் அப்பா. "கழுத்தை மட்டும் கொஞ்சம் லூஸா போடு. உங்கம்மா எப்பவும் இறுக்கித்தான் போடுவா. தலை நுழையறதுக்குள்ள காது சிவந்து போகும். சொன்னாக் கேக்க மாட்டா."

கழுத்துக்குப் பத்தாம் நம்பர் ஊசியையே எடுத்து வைத்திருக்கிறேன். இந்த வாரம் பதினொரு வரிசை ஆகியிருக்கிறது.